கொசுறு டின் யாருக்கு? சேர்ந்து எண்ணெய் வாங்கும் குழு தொடங்குகிறவர்களுக்கு

இருபது டின் எண்ணெயை மொத்தமாக எடுத்தால், சில மொத்தக் கடைகளில் ஒரு டின்னைக் கொசுறாகத் தருவார்கள். தீபாவளி நேரமென்றால் டின்னுக்குப் பதிலாக ஒரு குக்கரோ பித்தளைக் குத்துவிளக்கோ வரும். அது கடைக்காரர் தருவது, அதில் தப்பில்லை. ஆனால் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு அந்த டின் யாருடையது? சேர்ந்து வாங்கும் குழுக்களில் நான் பார்த்த மனக்கசப்புகளில் பாதி இந்தக் கேள்வியில்தான் தொடங்கியிருக்கிறது.

இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் கிராமத்து மக்கள், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயைக் குழுவாகச் சேர்ந்து வாங்குவார்கள். டேங்கர் லாரி ஒரே நடையாக வந்து, தெருவில் வீடு வீடாக ஊற்றிவிட்டுப் போகும். ஆளுக்கு ஆள் தனியாக வரவழைப்பதைவிட விலை குறையும். நமக்கு அந்தக் குளிர் இல்லை. ராமநாதபுரம் கடற்கரையில் எண்ணெய் என்றால் அடுப்படி எண்ணெய்தான். ஆனால் விலையை யார் பேசினார், தள்ளுபடி எவ்வளவு கிடைத்தது, அளவு சரியாக இருந்ததா என்ற கேள்விகள் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊரில் 34 வீடுகள் சேர்ந்து கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் வாங்குகிறோம். ஆறு வருடமாக அந்தக் கணக்கு நோட்டு என் கையில் இருக்கிறது. புதிதாகக் குழு தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் வந்து கேட்பதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எத்தனை வீடு, எந்தத் தேதி

10 வீட்டுக்குக் கீழே என்றால் வண்டி வாடகையே விலைக் குறைவைத் தின்றுவிடும். 40 வீட்டைத் தாண்டினால் ஒரே மாலையில் பிரித்து முடிக்க முடியாது. 15 முதல் 35 வரை சரியாக வரும். ஒருவரையொருவர் முகம் தெரிந்த தெருவாக இருக்கட்டும்.

வீட்டுக்கு மாதம் 3 அல்லது 4 கிலோ என்று கணக்கு வையுங்கள். ஒரு தடவையில் இரண்டு மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். செக்கு எண்ணெய் நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும்.

பணம் வசூலிக்கும் தேதி சின்ன விஷயமாகத் தெரியும். குழுவின் நியாயம் பாதி அங்கேதான் இருக்கிறது. எங்கள் 34 வீடுகளில் ஆசிரியர் வீடு இருக்கிறது, அவர்களுக்கு ஒன்றாம் தேதி சம்பளம். வளைகுடாவிலிருந்து பணம் வரும் வீடுகள் இருக்கின்றன. விசைப்படகுக்குப் போகிறவர்கள் வீட்டில், படகு கரைக்கு வந்து மீன் விலை போன மறுநாள்தான் கையில் காசு இருக்கும். கடலில் பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு வியாபாரி எடை போட்டுக் காசு கொடுக்கும் நாள் வேறு. ஐந்தாம் தேதிக்குள் பணம் கட்டாதவர்களுக்கு இந்த முறை இல்லை என்று எழுதிவிட்டால், அது சம்பளக்காரர்களுக்கான குழுவாகத்தான் ஆகும். நாங்கள் ஒரே நாளில் வாங்குவதில்லை. பத்து நாள் இடைவெளி விட்டு, அதற்குள் எப்போது வேண்டுமானாலும் கட்டலாம் என்று வைத்திருக்கிறோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வீடுகளுக்கு அந்த இரண்டு மாதம் வருமானம் கிடையாது, அரசு கொடுக்கும் நிவாரணம் மட்டும்தான். அந்த மாதங்களில் என்ன செய்வது என்பதைத் தை மாதமே பேசி எழுதிவிடுங்கள். எங்கள் குழுவில் தடைக்காலத்தில் குறைந்தபட்ச அளவு ஒரு கிலோ. பாதிப் பணம் முன்னால், மீதி படகு இறங்கிய பிறகு. எல்லா வீட்டுக்கும் இதே விதி. கஷ்டப்பட்டு வந்து தனியாகக் கேட்கிறவருக்கு மட்டும் சலுகை என்று வைத்தால், கேட்கக் கூச்சப்படுகிறவர் விட்டுப் போய்விடுவார்.

மூன்று வேலையை மூன்று பேர் செய்யட்டும்

விலை பேசுவது ஒருவர், பணம் வைத்திருப்பது ஒருவர், எண்ணெய் பிரிப்பது ஒருவர். ஒரே ஆள் மூன்றையும் செய்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரு நாள் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல அவரிடம் சாட்சி இருக்காது. பிரிப்பது அவரைக் காப்பாற்றத்தான். பணம் வைத்திருப்பவரின் ஜீபே எண்ணுக்கு மட்டும் பணம் போக வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தால், சிட்டையில் இரண்டு பேர் கையெழுத்து. மகளிர் குழுவில் இருந்தவர்களுக்கு இது பழக்கமான வேலை, அதே ரொக்கப் புத்தகம், அதே முறை.

விலை பேசும் ஆளை வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். ஒரே கடைக்கும் ஒரே ஆளுக்கும் ஏழெட்டு வருடப் பழக்கம் வந்துவிட்டால், யார் யாருக்காகப் பேசுகிறார் என்பதே மங்கிப் போய்விடும்.

கிலோவா லிட்டரா

புதிதாக வருகிறவர்கள் முதல் தடவை ஏமாறுவது இங்கேதான். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் எண்ணெய் சுமாராக 910 கிராம்தான் இருக்கும். அதனால் 15 கிலோ டின்னில் ஏறக்குறைய 16 லிட்டர் 480 மில்லி இருக்கும். 15 லிட்டர் டின்னிலோ 13 கிலோ 650 கிராம்தான். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டையும் 'பதினஞ்சு டின்' என்றுதான் கடையில் சொல்வார்கள்.

கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். ஒரு கடையில் 15 கிலோ டின் 3,000 ரூபாய். இன்னொரு கடையில் 15 லிட்டர் டின் 2,800 ரூபாய். இருநூறு ரூபாய் மிச்சம் என்று தோன்றும். முதலாவது கிலோவுக்கு 200 ரூபாய். இரண்டாவது கிலோவுக்கு 205 ரூபாய். மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூட. அதனால் எந்தக் கடையில் விலை கேட்டாலும், "டின் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "நிகர எடை எத்தனை கிலோ, கிலோ என்ன விலை?" என்று கேளுங்கள். குழுவுக்கு அனுப்பும்போதும் கிலோ விலையாக மட்டுமே எழுதுங்கள்.

டின் மேலே என்ன அச்சாகியிருக்கிறது என்பதையும் படியுங்கள். எண்ணெய் சூடானால் விரியும். சோயா எண்ணெயை எடுத்துக்கொண்டால் 21 டிகிரியில் ஒரு லிட்டர் சுமார் 919 கிராம், 60 டிகிரியில் சுமார் 893 கிராம்தான். சில நிறுவனங்கள் அதிக வெப்பநிலையைப் போட்டு லிட்டர் கணக்கு எழுதியதால், வாங்குகிறவருக்கு எடை குறைந்தது. 2022-இல் ஒன்றிய நுகர்வோர் துறை, வெப்பநிலை குறிப்பிடாமல் லிட்டரோடு எடையையும் போட வேண்டும் என்று சொல்லி, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தது. எடை அச்சிடாத டின்னை எடுக்க வேண்டாம்.

இன்னொன்று, கலப்பு எண்ணெய். இரண்டு எண்ணெயைக் கலந்து விற்பது சட்டப்படியே உண்டு. எந்த எண்ணெயும் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கலப்பு என்று லேபிளில் எழுத வேண்டும், அக்மார்க் இருக்க வேண்டும். எழுதத்தான் எழுதுவார்கள், பின்பக்கத்தில் பொடி எழுத்தில். முன்பக்கம் கடலைப் படம் பெரிதாக இருக்கும். விளக்கேற்ற விற்கும் எண்ணெயும் அதே அடுக்கில் நிற்கும். விலை கேட்கப் போகிறவர் டின்னின் நாலு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக் குழுவில் போடட்டும். பார்க்கிறவர்களில் யாராவது ஒருவர் பொடி எழுத்தைப் படித்துவிடுவார்.

மூன்று கடையில் விலை கேளுங்கள். விருதுநகர்ச் சந்தை நிலவரம் நாளிதழ்களில் வருகிறது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பாமாயில் எல்லாம் 15 கிலோ டின் கணக்கில் இருக்கும். அது மொத்தச் சந்தை விலை. அருப்புக்கோட்டை, பரமக்குடி தாண்டி நம் பக்கம் வரும்போது வாடகையும் கடைக்காரர் லாபமும் சேரும், அது நியாயம்தான். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசினால் போதும். சமையல் எண்ணெய்க்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பில் இல்லாமல் எடுத்தால் அந்த ஐந்து மிச்சம் என்று சொல்வார்கள். எடுக்காதீர்கள். டின்னில் குறை இருந்தால் கையில் காட்ட ஒரு தாளாவது வேண்டும்.

பாமாயிலைக் குழுவில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைவிடக் குறைத்து எந்தக் குழுவாலும் வாங்க முடியாது.

பணம் வாங்கும் முன்பு எழுத வேண்டியது

2024 செப்டம்பரில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அந்த மாதம் சில வீடுகள் சூரியகாந்தி எண்ணெய் கேட்டிருந்தன. விலை சொல்லி, பத்து நாளில் பணம் வசூலித்து முடித்தோம். செப்டம்பர் 14-ஆம் தேதியிலிருந்து, இறக்குமதியாகும் கச்சாப் பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு ஒன்றிய அரசு 20 சதவீத அடிப்படைச் சுங்கவரி போட்டது. அதுவரை அந்த வரி பூஜ்யமாக இருந்தது. மறுவாரம் நாங்கள் ஆர்டர் கொடுக்கப் போனபோது கடையில் வேறு விலை. நாங்கள் மூன்று பேர் கடை வாசலில் நின்று பேசி, இருக்கிற பணத்துக்கு எத்தனை டின் வருமோ அத்தனை எடுத்துக்கொண்டு, எல்லா வீட்டுக்கும் அளவைக் குறைத்துக் கொடுத்துவிட்டோம்.

விலை ஏறியதை ஒருவரும் குறை சொல்லவில்லை. அது டிவியிலேயே வந்துவிட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் இந்த மாசம் வேணாம்னு பணத்தத் திரும்ப வாங்கியிருப்பேனே" என்று ஒரு மதினி கேட்டார். அவர் கேட்டது சரி. அது அவருடைய பணம், எங்கள் மூன்று பேருக்கும் அதில் முடிவெடுக்க உரிமை இல்லை.

அதிலிருந்து, வசூல் தொடங்கும் முன்பே ஒரு அறிவிப்பு போகிறது. அதில் இவ்வளவும் இருக்கும்: எந்தக் கடை, என்ன எண்ணெய், இன்றைய கிலோ விலை, மற்ற இரண்டு கடைகளின் விலை, உத்தேச வண்டிச் செலவு, கூலி, கடைசித் தேதி. கூடவே ஒரு வரி. விலை 5 சதவீதத்துக்குள் ஏறினால் வாங்கிவிடுவோம், அதற்கு மேல் போனால் ஒவ்வொரு வீட்டையும் கேட்போம், வேண்டாம் என்கிறவருக்கு அன்றைக்கே பணம் திரும்பும். விலை இறங்கினாலும் அப்படித்தான், மிச்சம் அவரவர்க்கே. 2025 மே 30-ஆம் தேதி அதே சுங்கவரி 10 சதவீதமாகக் குறைந்தது. ஏறும்போது சொன்ன குழு இறங்கும்போதும் சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டால் போதாது. எங்கள் ஊரில் போன் மகனிடம் இருக்கும், மகன் கடலில் இருப்பான். ஒரு தாளில் எழுதி, எல்லாரும் போகும் பலசரக்குக் கடைச் சுவரில் ஒட்டுகிறோம்.

அடக்க விலை

இனிக் கணக்கு. இதைப் பொறுமையாகப் படியுங்கள். குழுவின் உயிர் இதில்தான் இருக்கிறது. முன்பு சொன்ன அதே மாதிரி விலையை வைத்துக்கொள்வோம்.

15 கிலோ டின் 20, டின் 3,000 வீதம் 60,000 ரூபாய். லோடு ஆட்டோ வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்து 2,200. குழு வேலை செய்த மூன்று பேருக்குக் கூலி, கிலோவுக்கு 5 ரூபாய் வீதம் 300 கிலோவுக்கு 1,500. மொத்தம் 63,700 ரூபாய்.

இப்போது 300-ஆல் வகுக்கக் கூடாது. டின் சுவரில் ஒட்டிக்கொள்வது, புனலில் நிற்பது, அடியில் தங்கும் மண்டி என்று கொஞ்சம் போய்விடும். 20 டின்னைப் பிரித்து முடித்து எடை போட்டால் 298 கிலோ வந்தது என்று வையுங்கள். 63,700-ஐ 298-ஆல் வகுத்தால் 213 ரூபாய் 76 காசு. சில்லறைக்குக் கஷ்டம், 214 என்று முழுமையாக்குவீர்கள். அப்படி வசூலித்தால் 63,772 வரும். அந்த 72 ரூபாய் எங்கே போனது? நோட்டில் 'முழுமையாக்கியதில் மிச்சம் 72' என்று எழுதி அடுத்த முறைக்குக் கொண்டு போங்கள். 72 ரூபாய்க்கு யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனால் நோட்டைப் புரட்டும் ஒருவர் அந்த வரியைப் பார்த்தால், மற்ற வரிகளை நம்புவார்.

கொசுறு டின்னுக்கு வருவோம். 20 டின்னுக்கு ஒன்று கொசுறு வந்தால், மொத்தம் 21 டின், பிரித்தால் சுமார் 313 கிலோ. கூலியும் வாடகையும் அதே அளவு என்றால், 63,700-ஐ 313-ஆல் வகுக்க வேண்டும். 203 ரூபாய் 50 காசு வருகிறது. கிலோவுக்குப் பத்து ரூபாய் வித்தியாசம். நாலு கிலோ வாங்கும் வீட்டுக்கு 40 ரூபாய். அந்த ஒரு டின்னை வாங்கப் போனவர் தன் வீட்டில் இறக்கிக்கொண்டால், எல்லா வீட்டிலிருந்தும் சொல்லாமல் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டார் என்றுதான் பொருள்.

ஆனால் அவர் ஏன் எடுத்துக்கொள்கிறார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். காலையில் பஸ் ஏறி ராமநாதபுரம் போய், மூன்று கடை ஏறி இறங்கி, வெயிலில் டின் எண்ணி, வண்டி பிடித்து வருகிறார். வீட்டு வேலை கெடுகிறது, ஒரு நாள் கூலி போகிறது. குழுவோ அவருக்கு 'சேவை' என்று பேர் வைத்துவிட்டு ஒரு டீக்கும் காசு கொடுப்பதில்லை. கொசுறு டின்னை எடுத்துக்கொள்ளும்போது, 'இவ்வளவு அலைந்தேனே, இதாவது எனக்கு வேண்டாமா' என்று அவர் மனசு சொல்லும். அது பேராசை இல்லை, கொடுக்கப்படாத கூலி.

அதனால்தான் நான் யாரிடமும் உறுதியாகச் சொல்வது இதை: வேலை செய்கிறவருக்குக் கூலி போடுங்கள், அதை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி போடுங்கள். 1,500 ரூபாய் கூலி கேட்க வெட்கப்பட வைக்கும் குழு, 3,000 ரூபாய் டின்னை மறைக்க வைக்கிறது. கூலி எவ்வளவு என்பதை வருடத்துக்கு ஒரு முறை எல்லாரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்று சொல்பவர்கூட வாங்கிக்கொண்டு, பிறகு விருப்பப்பட்டால் குழுவுக்கே கொடுக்கட்டும். நோட்டில் இரண்டும் தனித்தனி வரியாக இருக்கும்.

கூலி கொடுத்த பிறகு, கொசுறாக வரும் எதுவும் குழுவுக்குத்தான். டின் வந்தால் மொத்தத்தில் சேரும். குக்கர் வந்தால் சீட்டு எழுதிக் குலுக்குங்கள். கடைக்காரர் அன்பாகக் கொடுக்கும் டீயும் வடையும் மட்டும் போனவருக்கு.

பிரிக்கும் நாள்

லிட்டர் அளவையில் ஊற்றாதீர்கள், எடை போடுங்கள். மதிய வெயிலில் ஊற்றிய லிட்டரும் விடிகாலையில் ஊற்றிய லிட்டரும் எடையில் ஒன்றில்லை. தராசில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்கிறதா, எந்த வருடம் என்று பாருங்கள். மீன் கம்பெனியிலோ பலசரக்குக் கடையிலோ கேட்டால் அரை நாளுக்குத் தராசு கொடுப்பார்கள். தொடங்கும் முன்பு பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை எல்லார் கண் முன்னாலும் வைத்துப் பாருங்கள்.

அவரவர் கேனை அவரவரே கொண்டுவர வேண்டும், உலர்ந்ததாக. உள்ளே ஒரு துளித் தண்ணீர் இருந்தாலும் எண்ணெய் கெட்டுப்போகும், பழி குழு மேல் விழும். வெறும் கேனின் எடையை மார்க்கரில் கேனிலேயே எழுதிவிட்டால், ஒவ்வொரு மாதமும் மறுபடி பார்க்க வேண்டியதில்லை. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பிரிப்பதாக இருந்தால் காலையில் கூப்பிடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும். டின்னை வெயிலில் வைத்து முழுக்க இளகிய பிறகுதான் ஊற்ற வேண்டும். பாதி இளகியதை ஊற்றினால் முதலில் வருகிறவருக்கு ஒரு மாதிரி, கடைசியில் வருகிறவருக்கு வேறு மாதிரி.

'கடைசியில் வருகிறவர்' பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு வைகாசி மாதம். கூலிக்குப் படகேறுகிறவர் வீடு, தடைக்காலம், பணத்தைக் கடைசி நாளில்தான் கட்டினார்கள். நான் வசூல் பட்டியல் வரிசைப்படியே பிரித்துக்கொண்டு போனேன். அந்த அக்காவுக்குக் கடைசி டின்னின் கடைசி இரண்டு கிலோ. செக்கு எண்ணெய், சரியாகத் தெளியவிடாமல் அடைத்தது. பாட்டிலை வாங்கியவர், வாசலில் நின்று வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்பாக மண்டி. ஒன்றும் பேசவில்லை. மூடியைத் திருகி, முந்தானையால் பாட்டிலைத் துடைத்து, பையில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த மாதம் அவர் பேர் பட்டியலில் இல்லை.

நான் ஒரு பைசா தவறாக எடுக்கவில்லை. எடையும் சரி. ஆனாலும் அன்றைக்கு நடந்தது அநியாயம். காசு தாமதமாக வரும் வீட்டுக்கு எப்போதும் அடி எண்ணெய் என்று ஒரு விதியை, எழுதாமலேயே நான் வைத்திருந்தேன். அவர் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னேன். நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தார்.

இப்போது செய்வது இப்படி. டின் வந்ததும் மூன்று நாள் அசையாமல் வைக்கிறோம். ஒவ்வொரு டின்னிலும் அடியில் அரைக் கிலோ அளவுக்கு விட்டுவிட்டுத்தான் பிரிக்கிறோம். விட்டதையெல்லாம் ஒரே பாத்திரத்தில் சேர்த்து, துணியில் வடித்து, தெளிந்ததை எடை போட்டு மொத்தத்தில் சேர்க்கிறோம். வடிகட்டின பிறகு நிற்பது மண்டிக் கணக்கு. வரிசை ஒவ்வொரு முறையும் சீட்டுக் குலுக்கித்தான்.

செக்கில் ஆட்டினால் பிண்ணாக்கு

டின் வாங்காமல், நிலக்கடலைப் பருப்பையோ கொப்பரையையோ வாங்கிச் செக்கில் ஆட்டிக்கொள்ளும் குழுக்களும் இருக்கின்றன. உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கம் தென்னந்தோப்பு இருப்பதால் தேங்காய் எண்ணெய்க்கு இது நன்றாக ஒத்துவரும். கலப்படப் பயமும் இல்லை. ஆனால் கணக்கில் வரிகள் கூடும்.

மரச்செக்கில் 50 கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்டினால் சுமார் 18 முதல் 20 கிலோ எண்ணெய் வரும். மீதி பெரும்பகுதி பிண்ணாக்கு. சில செக்குகளில் பிண்ணாக்கை அவர்களே வைத்துக்கொண்டு ஆட்டுக்கூலி வேண்டாம் என்பார்கள். இலவசம் மாதிரி இருக்கும். கடலைப் பிண்ணாக்குக்கு நல்ல விலை உண்டு, அதுவும் சந்தை நிலவரத்தில் வரும். இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள். பிண்ணாக்கை வாங்கி வந்தால், ஆடு மாடு வைத்திருக்கிற வீடுகளுக்குச் சந்தை விலைக்குக் கொடுத்து, அந்தக் காசை அடக்க விலையில் கழியுங்கள். மாடு வைத்திருப்பவர் குழுத் தலைவியாகவும் இருந்தால் இது கட்டாயம் எழுத்தில் இருக்க வேண்டும். நல்லெண்ணெய்க்குப் போடும் கருப்பட்டியும் ஒரு செலவு வரிதான்.

ஆட்டும்போது குழுவிலிருந்து இரண்டு பேர் கூடவே நில்லுங்கள். பருப்பு எடை, எண்ணெய் எடை, பிண்ணாக்கு எடை மூன்றையும் அங்கேயே எழுதுங்கள்.

கணக்கு எல்லாருக்கும், பாக்கி அவரவர்க்கு

பிரித்து முடித்த ஒரு வாரத்துக்குள் கணக்கை வாய்விட்டு வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் காதால் கேட்கட்டும். பில், வாடகைச் சிட்டை, நோட்டுப் பக்கம் மூன்றையும் படமெடுத்துக் குழுவில் போடுங்கள். யார் எப்போது வந்து கேட்டாலும் நோட்டைக் கொடுங்கள். 'என்ன, நம்பிக்கை இல்லையா?' என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் அதற்கப்புறம் யாரும் கேட்க வர மாட்டார்கள், பின்னால் பேசிக்கொள்வார்கள்.

ஆனால் யார் யார் பாக்கி என்ற பட்டியலை மட்டும் பொதுவில் போடாதீர்கள். 'வர வேண்டிய பாக்கி மொத்தம் இவ்வளவு, மூன்று வீடு' என்று எழுதினால் போதும். கணக்குத் தெளிவாக இருக்கிறது, யாருடைய முகமும் கீழே விழவில்லை. எங்கள் கடற்கரையில் ஒரு வீட்டுக்குத் திடீரென்று கை முடங்க ஆயிரம் காரணம் உண்டு. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால், ஆள் எப்போது வருவார், படகு வருமா வராதா என்று தெரியாமல் வீடு நிற்கும். அந்த நேரத்தில் 400 ரூபாய்க்காகப் பேரைப் போடக் கூடாது. அந்த மாதிரி நேரத்துக்கென்று கிலோவுக்கு ஒரு ரூபாய் தனி நிதி சேர்க்கிறோம். யாருக்குக் கொடுத்தோம் என்பது நோட்டில் பேர் இல்லாமல் தேதியோடு இருக்கும், மூன்று பேருக்குத் தெரியும்.

புதிதாக ஒரு வீடு சேர வந்தால் பழைய மூன்று மாதக் கணக்கைக் காட்டிவிட்டுச் சேருங்கள். விலக நினைக்கிறவருக்கு, நிதியில் அவர் போட்டதை ஒரு மாதத்துக்குள் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

இன்னும் சில

குழு வாங்கியதைக் குழுவுக்குள் பிரிப்பதோடு நிறுத்துங்கள். மீதியிருக்கிறதே என்று வெளியாருக்கு அளந்து விற்க ஆரம்பித்தால் அது வியாபாரம். திறந்த டின்னிலிருந்து சமையல் எண்ணெயைச் சில்லறையாக விற்கச் சட்டத்தில் தடை இருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் வேண்டும்.

டின் ஒழுகினாலோ எடை குறைந்தாலோ, பிரிக்கும் முன்பே படமும் எடையும் எடுத்து, அன்றைக்கே கடைக்குச் சொல்லுங்கள். பிரித்த பிறகு சொன்னால் எந்தக் கடையும் ஏற்காது. பேசியும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தேங்காய் எண்ணெயில் சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடிக் கிளாசில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நல்லது முழுதும் உறையும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் தனி அடுக்காக நிற்கும்.

முதல் தடவை 5 டின்னுக்கு மேல் எடுக்க வேண்டாம். எண்ணெயை விடக் கணக்கு எழுதப் பழகுவதுதான் அதில் வேலை.

கடைசியாகக் காலி டின். கடற்காற்றில் இரண்டு மாதத்தில் துருப்பிடித்துவிடும், அதனால் அடுக்கி வைக்காதீர்கள். அதில் மறுபடி எண்ணெய் அடைக்கவும் கூடாது. கருவாட்டுக்காரர்களும் பழைய இரும்புக்காரரும் கேட்டு வருவார்கள். ஒரு டின்னுக்கு என்ன கொடுத்தார்களோ, அந்த வரியையும் வரவுப் பக்கத்தில் எழுதிவிட்டு நோட்டை மூடுங்கள்.